கோட்டை வாசல் வசனம்

நான் நடிக்க வந்தது தையல் மெசினால். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இடம்பெயர்ந்து திரிந்ததில் முதலில் புத்தகங்கள் போயின. ஊர் திரும்பியபோது, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் வகுப்பு வாங்கில் இருக்க வெட்கமாயிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். சட்டை தைக்கப் பழகினேன், கலியாணம் கட்டினேன், மாமி வீட்டு விறாந்தையில் மெசினைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைக்காட்சிக்காரர் விஞ்ஞானக் கதை ஒன்றைத் தொடராக எடுக்கப்போகிறார்கள் என்றும், வேற்றுக் கிரகத்து ஆட்களுக்கு உடுப்புத் தைக்க ஆள் வேண்டும் என்றும் சொல்லி என்னிடம் வந்தார்கள். தகரக் கூரையின் கீழ் வெக்கை இறங்காமல் விரிப்பார்களே ஒரு வெள்ளித் தாள், அதில்தான் உடுப்பு. ஊசி பட்டால் கிழியும். ஒட்டி ஒட்டித் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டு நடிக்க வந்த பெண் முதல் நாள் வெயிலிலேயே மயங்கி விழுந்தாள். அடுத்த நாள் வரவில்லை. இயக்குநர் சின்னப் பெடியன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, நீங்களும் நல்ல உயரம்தானே. ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

போட்டுப் பார்த்தேன். நான் தைத்தது எனக்கே அளவாக இருந்தது. மூன்று வருடம் அதைக் கழற்றவில்லை.

தலைக்கு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட். அதன் மேல் பிளாஸ்டிக் வாளியை வெட்டி ஒட்டி வெள்ளிப் பூச்சு அடித்திருந்தார்கள். வாய் தெரியாது, கண்ணும் தெரியாது. அதற்குள் இருந்து கதைத்தால் எனக்கே என் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். அதனால் கதைக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். வசனத்தை ஒரு பெடியன் கமராவுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பான். நான் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டவேண்டும். தலை ஆடினால்தான் பார்க்கிற சனத்துக்குக் கதைப்பது நான் என்று தெரியும். குரலைப் பிறகு ஒரு ரீச்சர் வந்து அறைக்குள் இருந்து கொடுப்பார் என்றார்கள். அவரை நான் கண்டதில்லை.

படம் பிடித்தது சுண்ணாம்புக்கல் தோண்டிய பெரிய கிடங்குகளில். வெள்ளைவெளேர் என்று, புல் பூண்டு இல்லாமல், பார்த்தால் வேறு உலகம்தான். எனக்கோ கால் வைக்கப் பயம். அந்தப் பக்கம் சனம் திரும்பிக் குடியேறிக் கனகாலம் இல்லை. மிதிவெடி ஏதாவது வெடிக்காமல் கிடக்கலாம். கமராக்காரன் நடந்த அடியில்தான் என் அடியை வைப்பேன். மெதுவாக, குனியாமல், ஒவ்வொரு காலாக. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் வேற்றுக் கிரகத்து ராணியின் நடை கம்பீரம் என்றார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கையில் பிள்ளைகள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அப்படி நடப்பார்கள், சொல்லுக்குச் சொல் தலையை ஆட்டுவார்கள். சட்டை அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை என் முன்னாலேயே ஆட்டிக் காட்டியது. நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு, "ஆடாமல் நில்லும் பிள்ளை" என்றேன்.

மாமிக்கு அது தோதாக இருந்தது.

"முகம் தெரியாதுதானே. அப்ப ஆருக்கு என்ன நட்டம்" என்பார்.

எனக்கும் தோதுதான் என்று அப்போது நினைத்தேன். பேர் இல்லை, முகம் இல்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பயந்தவளுக்கு அதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்.

தொடர் நின்றது. வெளிநாட்டில் இருந்து செலவு செய்தவருக்கு இப்போது அரசர் காலத்தில் ஆசை வந்துவிட்டது. அதே இயக்குநர் அரண்மனைக் கதை ஒன்றைத் தொடங்கினான். நான் உடுப்புத் தைக்கத்தான் போனேன். அவன்தான், "அக்கா, நீங்கள் சின்ன ராணியாச் செய்யுங்கோ, உங்களுக்கு அந்த நடை இருக்கு" என்றான்.

வீட்டில் சொல்லி இரண்டு நாள் ஆனது. பிறகு மாமி கேட்டார்.

"முகம் தெரியுமோ?"

"ஓம் மாமி."

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான்."

என் மனுசர் முச்சக்கரவண்டி ஓடுகிறவர், அதிகம் வாய் திறக்கமாட்டார். அன்றைக்குத் திறந்தார். "ராணியாத்தானே அம்மா வாறாள். பிச்சைக்காரியாவே வாறாள்?"

மாமி கீரையை ஆய்ந்துகொண்டு, "ராணியெண்டாலும் கூத்துத்தானே" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டம்தான் அரண்மனைப் பூங்கா. தோட்டக்காரர் ஒவ்வொரு நாளும் வந்து, ராசா மிதித்த வாழைக்குட்டிக்கு யார் பதில் சொல்வது என்று கத்துவார். எனக்கு வசனம் நீளம் நீளமாக இருந்தது. வாசிப்பேன், ஆனால் மெதுவாக. ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அதனால் மனுசரைக் கொண்டு வாசிப்பித்துக் கைபேசியில் பதிந்து, மெசினில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் தைப்பேன். மிதிக்கிற சத்தத்தோடு அந்தச் செந்தமிழ் எல்லாம் மண்டைக்குள் இறங்கியது. 'வருகிறேன் அரசே' என்று சட்டைக் கைக்கு விளிம்படித்தேன்.

கமராவுக்கு முன்னால் ஒரே ஒரு பிழைதான் விட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தலை ஆடியது.

"அக்கா, தலையை ஆட்டாதையுங்கோ" என்று இயக்குநர் சிரித்தான். "நீங்கள் இப்ப மனிசி."

ஆட்டாமல் பழகினேன். கழுத்து நோகும். ஆட்டாமல், நிறுத்தி நிறுத்தி, அழவேண்டிய இடத்தில் அழுது, முழுவதையும் என் வாயால் சொன்னேன். வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற தோட்டக்காரரே ஒருநாள், "நல்லாச் சொல்லுறாய் பிள்ளை" என்றார்.

முதல் பகுதி ஒளிபரப்பான அன்று வீடு நிறைந்த சனம். பக்கத்து வீட்டுக்காரர், மச்சாள்மார், பிள்ளைகள், வாசற்படியிலும் ஆட்கள். மாமி வெளுத்த சேலை உடுத்து முன் கதிரையில் இருந்தார். நான் குசினி வாசலில் நின்றேன். பிழை வந்தால் உள்ளே போய்விடலாம் என்றுதான்.

திரையில் நான் வந்தேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், எல்லாம் நான் ஒட்டியது. வாயைத் திறந்தேன். வேறொருத்தியின் குரல் வந்தது.

நல்ல குரல். தண்ணீர்போலத் தெளிந்த குரல். என் உதடு அசைந்த இடத்தில் எல்லாம் அது அளவாகப் பொருந்தியது. வேற்றுக் கிரகத்து ராணிக்குக் கேட்ட அதே குரல்தான்.

ஒரு மச்சாள் திரும்பிப் பார்த்து, "உன்ரை குரல் எங்கையடி?" என்றாள்.

இன்னொருத்தி, "தடிமன் பிடிச்சதாக்கும் அண்டைக்கு" என்றாள். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த நாள் இயக்குநரிடம் போனேன். கேட்டால் கோபிப்பானோ, அடுத்த பகுதியில் என்னைச் சாகவைத்துவிடுவானோ என்றெல்லாம் யோசனை. அவன் கோபிக்கவில்லை, தேத்தண்ணீர் வாங்கித் தந்தான்.

"உங்கடை கதையிலை பிழை இல்லை அக்கா. ஆனா ராணி அப்பிடிக் கதைக்கமாட்டா. கதைச்சாச் சனம் நம்பாது."

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்கள் அந்தளவுக்கு உணர்ச்சியாச் செய்திருக்கமாட்டியள்."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். ராணி இந்த ஊர் ராணிதானே, அவள் மட்டும் எந்த ஊர்த் தமிழ் கதைத்தாள் என்று கேட்டிருக்கலாம். அது எனக்குப் பிறகு ஒருநாள் தேங்காய் திருவும்போதுதான் வந்தது. எனக்கு எல்லாம் தேங்காய் திருவும்போதுதான் வரும்.

தொடர் முடியும்வரை நடித்தேன். சந்தையில் மரக்கறிக்காரி, "ரீவியிலை கேக்கிற குரல் நேரிலை இல்லையே, ஏன்?" என்பாள். பதில் சொல்வதற்காக வாயைத் திறக்கவே கூசியது. பையைக் காட்டி, விரலைக் காட்டி, கத்தரிக்காய் வாங்கி வரப் பழகினேன்.

அந்தக் கூச்சத்தில் இருந்தபோதுதான் நாடகக்காரர் வந்தார். மேடை நாடகம் போடுகிறவர், நரைத்த தாடி, தோளில் துணிப்பை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நிற்பார்கள். என் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு சொன்னார்:

"ஒல்லாந்தர் காலத்துக் கதை. கோட்டை கட்டக் கல்லுச் சுமக்கப் பிடிச்சுக்கொண்டு போன ஒருத்தன் திரும்பி வரேல்லை. மனிசி கோட்டை வாசலிலை போய் நிக்கிறா. அவ்வளவுதான் நாடகம். அந்த மனிசி நீங்கள்."

"எனக்கு... என்ரை கதை..."

"அதுதான் வேணும்" என்றார். "நீங்கள் இப்ப கதைக்கிறியளே, இதேதான். பழுதாக்காமல் கொண்டுவாங்கோ. மேடையிலை ஆரும் ஆருக்கும் குரல் குடுக்கேலாது."

கடைசிச் சொல்லை நான் எத்தனை தரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

சனசமூக நிலையத்தில் நாடகம் பழகினோம். முதல் நாள் மூலையில் ஒரு பெண் கதிரையில் இருந்தார். வெள்ளைப் பருத்திச் சேலை, சின்னத் தோடு, மடியில் நாடகப் பிரதி. நடிகர் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"நீங்களோ? உங்கடை வாயைப் பாத்துப் பாத்துத்தான் நான் இவ்வளவு நாளும் கதைச்சனான்."

அவர்தான் அந்த ரீச்சர். மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு வயதுக்கு முன்னமே விட்டவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிறவர். கை கொடுத்தார். குளிர்ந்த கை. வெறுக்கலாம் என்று போனால் வெறுக்க இடம் தராத ஆள். நான் மறந்த இடத்தில் மற்றவர்களுக்குக் கேட்காமல் எடுத்துத் தருவார். வாசிக்கத் திணறினால் தானே வாசித்துக் கைபேசியில் பதிந்து அனுப்புவார். ஆனால் அதை நான் போட்டுக் கேட்கவில்லை. மனுசரைத்தான் வாசிக்கச் சொன்னேன். அந்தக் குரல் எனக்குள் இறங்கினால் பிறகு என் குரல் எது என்று தெரியாமல் போய்விடும் என்று பயம்.

கடைசி வசனம் இதுதான். கோட்டை வாசலில் நின்று, காவல்காரனைப் பார்த்து:

"என்ரை மனுசனைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். கல்லுச் சுமக்கப் போனவர் கல்லுக்குக் கீழை கிடக்கிறார் எண்டால், அந்தக் கல்லைத் தூக்குங்கோ. நான் பாத்திட்டுப் போறன். பாக்காமல் போகமாட்டன்."

ஒத்திகையில் அதைச் சொல்லும்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள் கைபேசியை வைத்துவிடுவார்கள். இந்த ஊரில் அந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. 'கல்லைத் தூக்குங்கோ' என்ற இடத்தில் எனக்குச் சத்தம் இறங்கிவிடும். நாடகக்காரர், "அதை அப்பிடியே வச்சிருங்கோ" என்றார்.

வீட்டில் மெசின் மிதித்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். மாமி முதலில் எழும்பிப் போய்விடுவார். பிறகு போகாமல் இருந்தார். பிறகு ஒருநாள், "பாக்காமல் போகமாட்டன் எண்டுறதை இன்னும் கொஞ்சம் இழு" என்றார்.

முதல் மேடை எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில். அந்த நாள் திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர், மேளத்துக்குப் பதிலாக நாடகம் வைப்பது என்று ஒத்துக்கொண்டார். கோயில் வெளிவீதியில் மேடை போட்டார்கள். சந்தையில் மரக்கறிக்காரியிடம் நானே வாய் திறந்து, "வாருங்கோ, என்ரை குரலைக் கேக்கலாம்" என்றேன்.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது பண்டத்தரிப்பில் ஒருவர் செத்துப்போனார். மாமியின் புருசன், என் மாமாவுக்குத் தகப்பன் வழியில் சகோதர முறை. மாமா போய்ச்சேர்ந்து கனகாலம். அவர் இருக்கும்போதே அந்தக் குடும்பத்தோடு வேலி எல்லையில் சண்டைப்பட்டு, நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. நான் அந்த மனிதரை ஒரே ஒரு தரம், எங்கள் கலியாணத்துக்கு முன், பேருந்துத் தரிப்பிடத்தில் பார்த்திருக்கிறேன். முகம் ஞாபகமில்லை.

ஆனால் முறை என்று பார்த்தால் துடக்கு, சாவுத் தீட்டு. தகப்பன் வழிச் சொந்தத்தில் சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயில் வீதியில் கால் வைக்கக்கூடாது.

மாமிக்கு அதில் குழப்பமே இல்லை.

"செத்தவீட்டுக்கே நாங்கள் போகேல்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. எங்களுக்கென்ன துடக்கு? எங்கடை கிணத்தடிப் பனையை வெட்டினவைக்குத் துடக்குக் காக்க ஏலாது."

மனுசரும், "விடப்பா" என்றார்.

விட்டிருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சொந்தம் தெரியாது, தெரிந்தவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. படுத்தால் யோசனை. மேடையில் விளக்குச் சரிந்தால்? கொடி இறங்க முன்னம் மழை வந்தால்? யாருக்காவது காய்ச்சல் கண்டால்? அவள் துடக்கோடு ஏறினவள் என்று ஒருத்தர் சொன்னால் போதும், பிறகு நான் இந்த ஊரில் ஊசிக்கு நூல் கோர்க்க முடியாது. யாராவது ஒருத்தர், படித்த ஒருத்தர், 'அதெல்லாம் ஒண்டுமில்லை, நீங்கள் வாங்கோ' என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் நாடகக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்தான் மேடைக்கு மேடை மூடப்பழக்கத்தைக் கிழிக்கிறவர்.

கதையைச் சொன்னேன்.

"எந்த முறையிலை சொந்தம்?"

சொன்னேன்.

"எனக்கு உந்தத் துடக்கு ஒண்டிலும் நம்பிக்கை இல்லை. தெரியும்தானே."

"ஓம் ஐயா, அதுதான் கேட்டனான்."

"ஆனா நீங்கள் சொல்லிப்போட்டியள். சொல்லாமல் விட்டிருந்தால் வேறை கதை. இனி நான் தெரிஞ்சுகொண்டு கோயில்காரரிட்டை மறைக்கேலாது. பேந்து எங்களுக்கு ஒரு கோயிலும் மேடை தராது."

பின்னேரமே கோயில்காரரின் பதில் வந்தது. நாடகம் நடக்கட்டும், ஆளை மாற்றுங்கோ. முழு வசனமும் தெரிந்த ஆள் ஒருத்தர்தான் இருந்தார்.

மாமி அதைக் கேட்டு உலக்கையைச் சுவரோடு சாத்தினார்.

"ரீச்சர் வேதக்காரிதானே?"

"ஓம் மாமி. அவவுக்குத் துடக்கில்லை."

"பிள்ளையார் வீதியிலை வேதக்காரி நிக்கலாம், நாங்கள் நிக்கேலாது. நல்ல ஞாயம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உவங்களைச் சொல்லி என்ன? உன்ரை வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தால் இண்டைக்கு அது திறந்திருக்கும்."

நான் மெசினில் போய் இருந்தேன்.

ரீச்சர் தொலைபேசி எடுத்தார்.

"உங்களுக்கு மனமில்லையெண்டால் சொல்லுங்கோ. நான் மாட்டன் எண்டு அவருக்குச் சொல்லுறன்."

மனமில்லை. மனமில்லை என்று சொல்ல ஒரு சொல்தான். "செய்யுங்கோ ரீச்சர், நாடகம் நிக்கக்கூடாதெல்லோ" என்றேன். அப்படிச் சொன்னால் அவர் தானாக மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நன்றி சொன்னார். பிறகு மெல்லக் கேட்டார்:

"கல்லைத் தூக்குங்கோ எண்டுற இடத்திலை ஏன் நீங்கள் சத்தத்தைக் குறைக்கிறனீங்கள்?"

"அது வேணுமெண்டு குறைக்கிறேல்லை ரீச்சர். அதிலை எனக்குப் பயம் வந்திடும். உண்மையாத் தூக்கிக் காட்டிப்போட்டாங்களெண்டால்?"

"ஓ" என்றார். வைத்துவிட்டார்.

திருவிழா அன்று வீட்டில் அடுப்பு மூட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. பொழுதுபடப் பூசை மணி கேட்டது. கோயில் ஒலிபெருக்கி பனைமரத்தில் கட்டியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கு நேரே அதன் வாய். போகக்கூடாதவர்களுக்கும் கேட்காமல் இருக்க வழியில்லை. நான் விறாந்தையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மாமி சுவரில் சாய்ந்திருந்தார். மனுசர் வண்டிக்குள் இருந்தார், விளக்கைப் போடாமல்.

செந்தமிழ்க் குரல் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நன்றாயிருக்கும், அது இந்த நாடகத்துக்குப் பொருந்தாது என்று எல்லோருக்கும் தெரியும் என்று ஒரு கெட்ட ஆசை.

ஒலிபெருக்கியில் நான் கதைத்தேன்.

நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் மூச்சுவிடுகிற இடத்தில் விட்டு, 'ஓமோ' என்று நான் கேட்கிறமாதிரி மூக்கால் கேட்டு. மாமி சொல்லித் தந்த அந்த நீட்டல்கூட இருந்தது. ஒரு ஒத்திகையும் தவறாமல் மூலையில் இருந்து என் வாயைப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

மாமி நிமிர்ந்து இருந்தார்.

"உது நீயெல்லோ பிள்ளை" என்றார்.

'அந்தக் கல்லைத் தூக்குங்கோ' என்ற இடத்தில் குரல் இறங்கியது. என் பயத்தை அப்படியே எடுத்து, அளவாக, எந்த இடமும் கிழியாமல் போட்டிருந்தார். வீதியில் சனத்தின் சத்தம் அடங்கியது எங்களுக்கே தெரிந்தது. பிறகு கைதட்டல். மனுசர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, எங்கேயும் போகாமல் நிறுத்தினார்.

ஒரு கிழமையாக ஒழுங்கையில் அதுதான் கதை. சந்தைக்காரி என்னைக் கண்டு, "வந்தனான் பிள்ளை, உன்னைக் காணேல்லை. ஆனா என்ன குரல் அந்த மனிசிக்கு" என்றாள். நாடகக்காரர் முகநூலில் எழுதினார் என்று மனுசர் வாசித்துக் காட்டினார். ரீச்சரின் படத்துக்கு மேல், 'எங்கள் மண்ணின் குரல்' என்று போட்டிருந்தது. மனுசர் அதை ஒரு தரம்தான் வாசித்தார்.

துடக்குக் கழிந்ததும் முழுகிவிட்டுச் சனசமூக நிலையத்துக்குப் போனேன். அடுத்த மேடை தெல்லிப்பழையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அங்கே கோயிலும் இல்லை, துடக்கும் இல்லை. நாடகக்காரர் கதிரை இழுத்துப் போட்டார்.

"சனத்தின்ரை மனதிலை அவ பதிஞ்சிட்டா. இப்ப மாத்தினால் நாடகம் உடையும். நீங்கள் விளங்குவியள்."

"அவ கதைக்கிறது என்ரை கதை."

"அதுதானே அவவின்ரை திறமை" என்றார். கோபமில்லாமல், எனக்குப் படிப்பிக்கிறமாதிரி.

ரீச்சர் சன்னலோரம் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு பிரதியைப் பார்த்தார். அவருக்கு இப்போது பிரதி தேவையில்லை.

எனக்கு ஒரு பாத்திரம் தந்தார்கள். கோட்டைக்குப் போகிறவளை ஒழுங்கையில் மறிக்கிற அயல்வீட்டுக் கிழவி. ஒரு வசனம்: "போகாதை பிள்ளை. அவங்கள் கேக்கமாட்டாங்கள்." மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வாய் "ஓம்" என்றது. ஒரு வசனமென்றாலும் என் வாயால், என் குரலில், ஆட்களுக்கு முன்னால். பிச்சை என்று தெரிந்தும் வாங்கினேன்.

தெல்லிப்பழை மண்டபம் பெரிது. ஒலிவாங்கி மேடைக்கு நடுவில் மேலே தொங்கியது. கிழவி வந்துபோவது ஓரத்தில். ரீச்சர் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். நான் கையை நீட்டி மறித்து, "போகாதை பிள்ளை. அவங்கள் கேக்கமாட்டாங்கள்" என்றேன்.

பின் வரிசையில் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல்: "சத்தம் காணாது, கேக்கேல்லை."

ரீச்சர் விலகி நடக்கவேண்டும். ஒரு கணம் நின்றார். நான் ஓரத்தை விட்டு, ஒலிவாங்கிக்குக் கீழே போய் நின்று, அவரைப் பார்க்காமல் பின் வரிசையைப் பார்த்துச் சொன்னேன். "போகாதை பிள்ளை. அவங்கள் கேக்கமாட்டாங்கள்." மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கும் கேட்டது. கரகரத்த, கொஞ்சம் நடுங்குகிற, அழகில்லாத குரல்.

முடிந்தபின் நாடகக்காரர் கூப்பிட்டார். "அந்த வசனம் ஒருக்காத்தான். அந்த இடத்திலைதான் நிண்டு சொல்லவேணும். நடுவுக்கு வந்தால் அவவின்ரை காட்சி கெட்டுப்போகும்."

"ஓம் ஐயா."

அடுத்தது பண்டத்தரிப்பில், சின்ன மண்டபம். ஓரத்தில் நின்று மெல்லச் சொன்னாலே கடைசி வாங்குக்குக் கேட்கும். ஒருவரும் கத்தவில்லை. நான் ஒருக்காச் சொன்னேன். பிறகு நடுவுக்குப் போய் இரண்டாந்தரமும் சொன்னேன்.

அதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். கிழவி வேடத்துக்கு இப்போது பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று தலைக்குப் பவுடர் பூசிக்கொண்டு வருகிறதாம். உடுப்புத் தைக்க மட்டும் ஆளிடம் துணி கொடுத்தனுப்பினார்கள். துணியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.